நீலம் இல்லாத மலை

பிரகாஷ்,

போனில் நீ சொன்னது சரிதான். நான் வரைந்த அந்த மலைப் படத்தை நீ பாரோயில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தால் நான் கிழித்துவிடத்தான் போகிறேன் என்பது உனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "குடுக்க மாட்டேம்மா, நீங்க கிழிச்சிருவீங்க" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். நீங்கள் குடிபோகும் ஆஸ்திரேலியப் பெர்த்துக்குக் கப்பலில் போகும் சாமான்கள், வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது, மருமகள் மாலதியின் விசா. நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். உன் பயத்தில் நியாயம் இருந்ததால்தான் எனக்கு அத்தனை கோபம் வந்தது. இன்று அதே படத்தை நீ எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று கேட்பதற்காக இதை எழுதுகிறேன். நேரில் பேசினால் நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பேச்சை முடிக்க விடமாட்டோம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. மாலதியும் படிக்கட்டும். வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மறைக்கிற மாதிரி இதில் ஒன்றுமில்லை.

கோலா கிளாவாங் போகும் பாதையில், உன் அப்பா கணக்கு எழுதும் கிராணியாக வேலை பார்த்த தோட்டத்தின் ஆபீஸ் மேட்டிலிருந்து தெரியும் காட்சி அது. கீழே செம்மண் சாலை, அதற்கப்பால் எண்ணெய் எடுக்கும் செம்பனை வரிசைகள், அவற்றின் ஓரத்தில் இன்னும் வெட்டப்படாமல் நிற்கும் கொஞ்சம் ரப்பர் மரங்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் மலை. உன் அப்பா இறந்த வருடம் வரைந்தது. அதில் என் கையெழுத்து இல்லை. என் வழக்கம் உனக்குத் தெரியும். வரைந்து முடித்த படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவேன். கொஞ்ச நாள் கழித்து, அது நினைவில் மங்கிய பிறகு, திடீரென்று திருப்பிப் பார்ப்பேன். சரியாக இருந்தால் கையெழுத்து. இல்லையென்றால் கிழித்துக் குப்பையில் போடுவேன். இந்தப் படம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே உன் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. அதற்குப் பிறகு நான் அதைத் திருப்பவே இல்லை. காரியங்கள் முடிந்து வீட்டை ஒழுங்கு செய்தபோது நீ அதைக் கண்டெடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு உன் கூடத்தில் மாட்டினாய். என் கண்ணும் அப்போது மங்கல்தான். நன்றாக இருப்பதாகவே எனக்குத் தெரிந்தது.

நான் கிழிக்கிறவள் என்பதை நீ யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. மேனேஜர் வீட்டம்மா தன் பங்களாவை வரைந்து தரச் சொல்லியிருந்தார். அவர்கள் ஊர் மாறிப் போகிற அன்று காலையில் உன் அப்பா அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தது. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தவர், என் கையில் இரண்டு துண்டுகளைப் பார்த்தார்.

"அடிப்பாவி! அந்தம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"நிழல் தப்பான பக்கம் விழுந்திருச்சுன்னு சொல்லுங்க."

"நிழலா? அந்தம்மா வீட்டப் பாக்குமா, நிழலப் பாக்குமா?"

"வீடு இருக்கிற இடம் தெரியிறதே நிழல்னாலதான்."

"சரிங்க சிஸ்டர்," என்றார். நான் பிடிவாதம் பிடிக்கும்போதெல்லாம் அவர் என்னைக் கூப்பிடும் பெயர் அது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் அரிசிச் சோற்றோடு சேர்த்து இரும்பையும் போட்டு வளர்த்திருக்கிறார்கள் என்று உன் பெரியப்பாவிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அன்று அவர் வெறுங்கையோடு போய், நிழலைப் பற்றித்தான் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் கற்றது இரும்பு மட்டும் இல்லை. விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், ஓவியம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் எங்களுக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுப் படப் புத்தகத்தை விரித்து வைத்து அதைப் பார்த்துப் போடச் சொல்வார். வேலியோரப் பூக்கள், பனி, நாங்கள் கண்ணால் பார்த்திராத மரங்கள். விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போய் வந்தவள், தை, மாசியில் வரும் சீனப் பெருநாளையொட்டி ரப்பர் மரங்கள் இலை உதிர்ப்பதை வரைந்து காட்டினேன். செம்பும் துருவும் ஆரஞ்சுமாகக் காடு முழுக்கப் பற்றி எரிகிற மாதிரி இருந்தது. அவர் தலையை ஆட்டினார். வெளிநாட்டு இலையுதிர் காலப் படத்தைப் பார்த்து நிறத்தை எடுத்துக்கொண்டு வந்து நம் ஊர் மரத்தில் வைத்துவிட்டாய், மலாயாவில் எல்லாம் பச்சைதான், மாற்று என்றார். நான் மாற்றவில்லை. என் அப்பாவுக்கு எழுதி, தோட்டத்திலிருந்து யாரோ வரும்போது ஒரு கைக்குட்டை நிறைய இலைகளைக் கொடுத்தனுப்பச் சொன்னேன். வந்ததும் சிஸ்டரின் மேசையில் அவிழ்த்து வைத்தேன். அவர் நெடுநேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு என் படத்தை எடுத்து வகுப்புச் சுவரில் குத்தினார். அன்றிலிருந்து எனக்கு ஒரு கர்வம். கோடு எங்காவது கோணலாகப் போகலாம். என் நிறம் பொய் சொல்லாது. அந்தக் கர்வத்தை நான் இந்த வயது வரைக்கும் சுமந்து வந்திருக்கிறேன் என்பதை நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

அந்தப் படம் வரைந்த காலையில் நீதான் எங்களை அழைத்துப் போனாய். உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. பெரும்பாலும் காருக்குள் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாய். நீர்வண்ணத்தில் ஒரு காட்சியை உள்ளபடி வரைவது அவசரக்காரர்களின் வேலை இல்லை. வெள்ளை நிறம் என்று தனியாக ஒன்று அதில் கிடையாது. காகிதத்தின் வெள்ளைதான் வெளிச்சம். எங்கே வெளிச்சம் வேண்டும் என்பதைத் தூரிகையை நனைக்கும் முன்பே தீர்மானித்து, அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். பிறகு நினைத்தால் கிடைக்காது. முதலில் வானம், தூரத்து மலை, பனிமூட்டம் என வெளிறியவற்றை வைத்து, காயவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டத்தில் இருக்கும் இருட்டுக்கு வர வேண்டும். நம் ஊரில் காலை ஈரத்தில் காகிதம் லேசில் காயாது. காயும் முன் கை வைத்தால் நிறம் திரண்டு, ஓரம் சுருண்டு, காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை விழும். அதை எடுக்கவே முடியாது. நீ அப்படிக் கை வைக்கிற ஆள். சண்டை போட்ட அதே மணியில் சமாதானம் பேசப் போய்க் கறையைப் பெரிதாக்குவாய். மாலதியிடம் அதைச் செய்யாதே. கொஞ்சம் காயவிடு.

காயவைப்பது உன் அப்பாவின் வேலை. தமிழ்ப் பேப்பரை இரண்டாக மடித்து, எனக்குப் பின்னால் நின்றபடி படத்துக்கு விசிறுவார். விசிறிக்கொண்டே குறை சொல்வார். ஆபீசில் மற்றவர்கள் எழுதியதில் தப்பைக் கண்டுபிடித்தே சம்பாதித்த மனிதர். என் படத்திலும் வேறு எதையும் பார்க்க மாட்டார். சாலை இவ்வளவு அகலமா, செம்பனை ஓலை இப்படித் தொங்குமா, அந்த மரம் சரிவில் நிற்கிறதா மிதக்கிறதா. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் வரைந்த ஒரு படத்தையாவது அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. கிழிக்காமல் வைத்திருந்தவற்றைக்கூட, "பரவால்ல, போன தடவைக்கு இது தேவலாம்" என்பதோடு சரி. அன்று மட்டும், நான் கடைசியில் அடர்ந்த நிழல்களை வைக்கத் தூரிகையை எடுத்தபோது, விசிறுவதை நிறுத்திவிட்டார்.

"போதும். கைய எடு."

"இன்னும் முன்பக்கம் முடியல."

"எடுன்னா எடு. அப்படியே இருக்கு. மலை, மூட்டம் எல்லாம் நாம பாக்கிற மாதிரியே இருக்கு. நல்லாருக்கு."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன். அவர் மலையைப் பார்ப்பதும் படத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். நீ காருக்குள்ளிருந்து, "என்னாப்பா, ஒடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டாய். மூவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம்கூட அவருக்கு முழுசாகக் கிடைக்கவில்லை.

எங்கள் இருவருக்கும் கண்ணில் புரை இருந்தது உனக்குத் தெரியும். ஒரே நாளில், ஒரே டாக்டர் சொன்னார். இருவருமே தள்ளிப்போட்டோம். அவர் பயந்தார். "நீ போயி பண்ணிக்கிட்டா என்னையும் இழுத்துக்கிட்டுப் போயிருவ. ரெண்டு பேருக்கும் நல்லாத்தானே லா தெரியுது" என்பார். எனக்கும் தெரிந்ததாகத்தான் இருந்தது. புரை ஒரே நாளில் கதவைச் சாத்துவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பேறும். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாததால் நாம் சந்தேகப்படுவதில்லை. அவர் போன பிறகு நான் தனியாகத்தான் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்தேன். இரண்டாவது கண்ணும் ஆறும் வரையில் உன் வீட்டில் இருக்கச் சொன்னாய். கட்டுப் பிரித்து உன் கூடத்துக்குள் நுழைந்த அன்று, எதிர்ச் சுவரில் தொங்கிய அந்தப் படத்தைப் பார்த்தேன்.

"இது யாரு போட்ட படம்?" என்று மாலதியிடம் கேட்டேன். நான் விளையாடுவதாக நினைத்து அவள் சிரித்தாள்.

மலை பழுப்பாக இருந்தது. மூட்டம் தே தாரிக் டீயின் நிறத்தில் இருந்தது. வானம் நாள்பட்ட செய்தித்தாள் மாதிரி. அந்த மலை நீலமானது, பிரகாஷ். தூரத்து மலை எல்லாமே நீலம்தான், ஓவியம் பழகும் எந்தப் பிள்ளைக்கும் முதல் மாதத்திலேயே அது தெரியும். டாக்டர் பின்னால் எனக்கு விளக்கினார். புரை வழியாகப் பார்க்கும்போது நீலம் உள்ளே வருவதே இல்லை. நீலமும் பழுப்பும் சாம்பலும் ஒன்று போலத் தெரியும். எது கைக்கு வருகிறதோ அதை வைத்தாலும் பொருந்தியதாகவே தோன்றும். நான் தட்டில் குழைத்த பழுப்பும் எதிரில் இருந்த நீல மலையும் எனக்கு ஒரே நிறமாகத் தெரிந்திருக்கின்றன. பாரோய்க்குத் திரும்பியதும், அந்தக் காலத்தில் வரைந்து கையெழுத்துப் போட்டு வைத்திருந்த படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் அதே கதை. அத்தனையையும் கிழித்தேன். மிச்சம் இருந்தது உன் வீட்டில் இருக்கும் ஒன்று மட்டும்தான்.

நான் அதைத் திருப்பிக் கேட்டதற்கு நிறம் மட்டும் காரணமென்று உன்னிடம் சொன்னேன். அது பாதிதான். உன் அப்பா தன் ஆயுளில் ஒரே ஒரு முறை என் படத்தை நன்றாக இருக்கிறது என்றார். அதைச் சொன்னபோது அவர் கண்ணிலும் அதே புரை. அவருக்கு எது நன்றாகத் தெரிந்திருக்க முடியும்? அந்தப் பாராட்டை நான் அவர் போன பிறகு எத்தனை முறை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. அது செல்லாது என்று உன் கூடத்துச் சுவர் எனக்குச் சொன்னது. அதனால்தான் அந்தப் படம் இந்த உலகத்தில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

நீ மறுத்ததும் ஒரு வழி தோன்றியது. அதே இடத்திலிருந்து சரியான படத்தை வரைந்து உன்னிடம் கொடுத்து, இதை வாங்கிவிடுவது. உனக்குத் தெரிய வேண்டாம் என்று மாலதியிடம் சொல்லி, போன வாரம் அவளை வண்டி ஓட்டச் சொன்னேன். அவள் மேல் கோபப்படாதே. ஆபீஸ் மேட்டில் இப்போது ஒரு தண்ணீர்த் தொட்டி வந்திருக்கிறது. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ரப்பர் மரங்கள் இருந்த ஓரத்திலும் இப்போது செம்பனைக் கன்று வைத்துவிட்டார்கள். இருப்பதைத்தான் வரைவேன் என்பதால் கன்றுகளை வரைந்தேன். மலை அங்கேயே இருந்தது. இந்த முறை அதன் நீலத்தில் ஒன்றன் பின் ஒன்றாக நான்கைந்து மடிப்புகள் தெரிந்தன. கடைசி மடிப்பு வானத்தோடு சேரும் இடத்தில் கொஞ்சம் ஊதா. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக அந்த மலையை நான் பார்த்ததில்லை. படத்தைக் காயவைக்க மாலதி வண்டிக்குள் ஏர்கானைப் போட்டு அதன் முன்னால் பிடித்துக்கொண்டாள். நன்றாகவே காய்ந்தது.

முடித்ததும் வழக்கம் போலத் தலையைத் திருப்பாமல், "இப்ப சொல்லுங்க" என்றேன். என்னிடமிருந்து வார்த்தை வந்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது புரிந்தது. மாலதி அதைக் கேட்காதது போல இருந்தாள். நல்ல பெண். படத்தைப் பார்த்துவிட்டு, "போட்டோ மாதிரியே இருக்கு அத்தை, மலை எல்லாம் அப்படியே இருக்கு" என்றாள்.

"அப்ப ஒம் புருஷன் ஏன் அந்தப் பழசைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான்? கண்ணு தெரியலையா அவனுக்கு?"

"கோவிச்சிக்காதீங்க அத்தை. அவருக்குப் பெயிண்டிங் பத்தி ஒன்னும் தெரியாது லா. நம்ம வீட்டுச் சுவத்துக்கு என்ன கலருன்னு கேட்டாகூட என்னையத்தான் பாப்பாரு. மாமா ஒரு தடவ, நாம பாக்கிற மாதிரியே இருக்குன்னு சொன்னாராம். இவரு காருக்குள்ளருந்து கேட்டாராம். அதத்தான் சொல்லிக்கிட்டு இருப்பாரு."

வரும் வழி முழுக்க அந்த வார்த்தைதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மாலதி பாட்டுப் போட்டுவிட்டு, பிறகு தானே அணைத்துவிட்டாள். நீ எனக்கு மறந்துபோன ஒரு வார்த்தையைக் கேட்டு வைத்திருக்கிறாய். நான் இத்தனை நாளும் "நல்லாருக்கு" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு முன்னால் சொன்னது, நாம் பார்க்கிற மாதிரியே இருக்கிறது என்பது. நாம் என்றார். அதில் தவறு இல்லை. கணக்கில் துளி பிசகினாலும் விடாத மனிதர், பார்த்தபடிதான் சொல்லியிருக்கிறார். அந்தக் காலையில் அந்த மேட்டில் நின்ற இரண்டு கிழடுகளுக்கும் மலை அந்த நிறத்தில்தான் இருந்தது. எதிரில் இல்லாத ஒன்றை நான் அழகுக்காக வைக்கவில்லை. இருந்ததை விட்டுவிடவும் இல்லை. என் கண் கொண்டுவந்து கொடுத்ததைக் கை வைத்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது ஒன்றுதான். அந்தக் கேள்வியில் அந்தப் படம் தேறிவிட்டது. கிழித்த மற்றவையும் தேறியிருக்குமோ என்று நீ கேட்பாய். இருக்கலாம். அவை போய்விட்டன. அதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிய படத்தில் இருக்கிற மலையை யாரும் பார்க்கலாம். மாலதி பார்த்தாள், அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு வருகிற பையன்கள் பார்க்கிறார்கள், உன் போன்கூடப் பார்க்கும். உன் அப்பா மட்டும் இந்த நீலத்தைப் பார்க்காமலே போய்விட்டார். அன்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் கண்ணைக் காட்டியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்குத் தீராது. ஆனால் உன் கூடத்தில் தொங்கும் அந்தப் பழுப்பு மலையைப் பார்த்தவர்கள் இந்தப் பூமியில் இருவர்தான். அதில் ஒருத்தி இன்னும் இருக்கிறேன்.

பெர்த்தில் வெளிச்சம் வேறு மாதிரி இருக்கும் என்கிறார்கள். நிழல் கத்தி மாதிரி விழுமாம். போன புதிதில் எல்லாவற்றையும் நம் ஊரோடு ஒப்பிட்டு மாலதியைப் பேசவிடாமல் செய்யாதே. அவள் பார்ப்பதை அவள் சொல்லட்டும், நீ பார்ப்பதை நீ சொல். இருவருக்கும் ஒத்துப்போகிற நாட்கள் ரொம்ப இருக்காது. ஒத்துப்போகிற அன்று அதை வாய் திறந்து சொல்லிவிடு. உன் அப்பா மாதிரி ஒரு தடவைக்காக ஒரு ஆயுளைக் காக்கவைக்காதே.

புதிய படத்தில் குறையில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது பாரோயிலேயே இருக்கும். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர்தான் தெரிகிறது, எனக்கும் ஒரு மலை வேண்டும். பழையதை நீ கொண்டுபோ. அங்கே வெயில் நேராக விழாத சுவராகப் பார்த்து மாட்டு. நீர்வண்ணம் வெயிலில் வெளுத்துவிடும். ஆனால் கப்பலில் ஏற்றும் முன் ஒரு முறை இங்கே எடுத்து வா. பின் பலகையைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கொடு. கையெழுத்துப் போடாத படம் என் பெயரில் கடல் தாண்டிப் போகக் கூடாது. உனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால், நான் எழுதி முடிக்கும் வரை எதிரில் நின்று இரண்டு ஓரங்களையும் நீயே பிடித்துக்கொள். எனக்கும் அது உதவியாகத்தான் இருக்கும். இப்போதெல்லாம் கை கொஞ்சம் நடுங்குகிறது. காகிதம் அசையக் கூடாது.

அம்மா